காசு யார் பேருக்கு

வாசலூர்பட்டி படகுத்துறைக்குப் போகிற வழியில் கோகிலா அன்னாசிப்பழம் நறுக்கி விற்றாள். தோலைச் சீவி, கண்களைத் தோண்டியெடுத்து, நீளநீளமாகக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுப்பாள். சனி, ஞாயிறுகளில் மலை பார்க்க வரும் நாமக்கல், சேலம், கரூர் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது அவளுக்குத் தலைநிமிர நேரமிருக்காது.

கடை போட்ட புதிதில் எல்லாம் ரொக்கம்தான். இடுப்பிலிருக்கும் சுருக்குப்பை சாயங்காலத்துக்குள் கனத்துவிடும். வீட்டுக்குப் போகும் வழியில் எண்ணெய், பருப்பு, மகளுக்கு ரிப்பன் என்று வாங்கிக்கொள்வாள். யாரும் கணக்குக் கேட்டதில்லை. பிறகு வருகிறவர்கள் பர்ஸைத் தொடுவதை விட்டுவிட்டார்கள். போனில் அனுப்பலாமா என்று கேட்டு, முடியாதென்றால் பழத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் தொடுதிரை போன் வைத்திருந்தவன் அவள் கணவன் ராசப்பன் மட்டும்தான். அவனே தன் பேரில் ஒரு கியூஆர் அட்டையை வாங்கிவந்து கடைக் கம்பத்தில் கட்டினான். அதில் சூது எதுவும் இல்லை. வியாபாரம் முன்னைவிட ஏறவே செய்தது. ஆனால் காசு நேராக அவன் கணக்குக்குப் போனது. சுருக்குப்பை இளைத்துக்கொண்டே வந்தது.

ஆடிக் கூட்டம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொண்டுபோன பழமெல்லாம் மத்தியானத்துக்கு மேல் தீர்ந்துவிட்டது. அப்படி ஒரு வியாபாரம் அவள் பார்த்ததே இல்லை. திரும்பும்போது செம்மேட்டில் இறங்கி, கடையில் நாப்கின் பாக்கெட் ஒன்றை எடுத்தாள். பையைத் துழாவினால் சில்லறை போதவில்லை. ராசப்பனுக்குப் போன் போட்டு, கடைக்காரருக்குக் கொஞ்சம் காசு அனுப்பச் சொன்னாள்.

"எதுக்குப் புள்ள?" என்றான் அவன். கோபமாக இல்லை, எப்போதும் கேட்பதுதான்.

சுற்றிலும் நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். வேண்டாமென்று போனை வைத்துவிட்டு, பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். பஸ் ஏறி உட்கார்ந்ததும் கண் கலங்கியது. ஆனால் தன் ஊரான வாழவந்தி நாட்டில் இறங்கியபோது அழுகை நின்று, அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

மறுநாள் காலையிலேயே செம்மேட்டு வங்கிக்குப் போனாள். நூறு நாள் வேலைக் கூலிக்காக முன்பு வங்கி முகாமில் திறந்த கணக்கு ஒன்று அவள் பேரில் இருந்தது. அந்தக் கணக்கோடு சேர்த்திருந்த போன் நம்பர் ராசப்பனுடையது. அதை மாற்றி, தன் பட்டன் போன் நம்பரைப் போட்டு, தன் பேரில் ஒரு கியூஆர் அட்டை தரவேண்டும் என்று கேட்டாள். அதிகாரி ரோஸ்லின் திருச்சிக்காரர், மலைக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரேகைக் கருவியை நகர்த்தி வைத்தார்.

கருவி சிவப்பாகவே எரிந்தது. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார்கள். எதுவும் ஏறவில்லை. ரோஸ்லின் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். அன்னாசிச் சாறு விரல்நுனிகளை அரித்து, தோல் வழவழவென்று உரிந்துகிடந்தது.

எழுதிக் கொடுத்தும் மாற்றலாமாம். ஆனால் முகாமில் வெறும் ரேகை வைத்துத் திறந்த கணக்கு என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கக் கையெழுத்தில்லை; காகிதம் கீழே பெரிய ஆபீசுக்குப் போய்வர எத்தனை நாளாகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் ரோஸ்லின். "கொஞ்ச நாள் பழத்தைத் தொடாம இருந்தீங்கன்னா தோல் ஆறி ரேகை திரும்ப வந்துரும், அக்கா. ஆனா இது உங்களுக்கு சீசன் ஆச்சே."

"சீசன் அடுத்த வருசமும் வருமுங்க," என்றாள் கோகிலா.

அன்றே கடையை மூடினாள். விஷயம் ராசப்பன் காதுக்கு உடனே எட்டியது. மரவள்ளிக்காட்டிலிருந்து வந்தவன், கை கால் கழுவாமலே வந்து நின்றான். அவள் மறைக்கவில்லை. வங்கிக்குப் போனது, நம்பர் மாற்றக் கேட்டது, விரல் ஏறாதது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "நான் என்ன குடிச்சா அழிக்கறேன்? கேட்டா குடுக்க மாட்டனா?"

"குடுப்பீங்க. குடுக்கலைன்னு நான் எங்கீங்க சொன்னேன்? கேக்கறதுதானுங்க என்னால ஆகல. நாள் பூரா நானே வித்துப்போட்டு, ஒவ்வொண்ணுக்கும் உங்ககிட்டக் காரணம் சொல்லோணுமா?"

"புருசனை நம்பாம தனியாக் கணக்கு வெச்சுட்டாள்னு ஊருல பேசுவாங்க."

"பேசட்டுமுங்க."

அன்று முதல் இருவருக்கும் இடையே பேச்சுக் குறைந்தது. திருப்புலி நாட்டுத் தோட்டத்திலிருந்து பழம் ஏற்றிவர இனித் தன் வண்டி வராது என்பதை மட்டும் மகளிடம் சொல்வதுபோல அவள் காதில் விழச் சொன்னான்.

கோகிலா விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். பாத்திரம் விளக்கும்போதும் கையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டாள். புளி கரைப்பதைக்கூட மகளிடம் விட்டாள். ஆடிப் பதினெட்டை ஒட்டி மலைக்குக் கூட்டம் குவிந்தது. பக்கத்தில் சோளக்கதிர் சுட்டு விற்கும் பாவாயி போன் செய்து, நிற்க இடமில்லை, உன் பழத்தைக் கேட்டு ஆள் திரும்பிப் போகிறது, இப்படியா வீட்டில் உட்காருவாய் என்று திட்டினாள். கோகிலா எழுந்து பழம் நறுக்கும் கத்தியை எடுத்துவிட்டாள். கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இருந்த இடத்திலேயே செருகிவிட்டு அவரைக்காய் உரிக்க உட்கார்ந்தாள்.

அடுத்தமுறை வங்கிக்குப் போனபோதும் கட்டைவிரல்கள் ஏறவில்லை. ரோஸ்லின் கருவியை ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னார். ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல் என்று போய், கடைசியில் இடதுகைச் சுண்டுவிரலுக்குப் பச்சை எரிந்தது. வரிசையில் பின்னால் நின்ற யாரோ "அப்பாடி" என்றார்கள். சற்று நேரத்தில் அவளுடைய பட்டன் போன் சிணுங்கியது. வங்கியிலிருந்து அவள் பேருக்கு வந்த முதல் செய்தி அதுதான். அவள் எழுத்துக்கூட்டி முழுதும் வாசித்தாள்.

அட்டையும் பணம் விழுந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டியும் வந்து சேர்ந்ததும் கடையைத் திறந்தாள். பழ மூட்டையைத் தோட்டத்திலிருந்து தானே சுமந்துவந்து பஸ்ஸில் ஏற்றினாள். பழைய அட்டையைக் கிழிக்காமல் அவிழ்த்துத் துடைத்து ராசப்பனிடம் கொடுத்தாள். கரூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் முதலில் பழம் வாங்கியது. நாற்பது ரூபாய் வந்துவிட்டதென்று பெட்டி ஒரு பெண் குரலில் சொன்னது. பாவாயி கதிரைத் திருப்ப மறந்து எட்டிப் பார்த்தாள். கோகிலா அடுத்த பழத்தை எடுத்தாள். விரலைக் காக்க இப்போது உறை மாட்டியிருந்தாள்.

மாதம் முடிவதற்குள் ராசப்பனுக்கு ஒரு நெருக்கடி. மரவள்ளி லாரிக்காரன் பணம் தர இழுத்தடித்தான். களையெடுத்த ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டு, தட்டைப் பார்த்தபடியே, கொஞ்சம் காசு வேண்டும் என்றான். எதுக்கு என்று கேட்க அவள் நாக்குவரை வந்தது. கேட்கவில்லை. மறுநாள் செம்மேட்டுக்குப் போய் எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் எண்ணாமல் வாங்கிக்கொண்டான்.

வெளியே போனவன் வாசற்படியில் நின்று திரும்பினான். "மழை இறங்கறதுக்குள்ள உன் கடைக்கு மேலே தகரம் போடோணும். அந்தப் படுதா தாங்காது."

"தகரம் நான் வாங்கிக்கறேனுங்க. நீங்க வந்து அடிச்சுக் குடுங்க."

திங்கட்கிழமை கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, தகரத்தை வண்டியில் கட்டி ஓட்டிவந்தான் ராசப்பன். கம்பம் நட்டு, ஏணியில் ஏறி ஆணி அடித்தான். கீழே அவள் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து அவன், சாரல் அடிக்கிற பக்கம் இன்னும் ஒரு முழம் இறக்கலாமா என்று கேட்டான்.

"ரெண்டு முழமா இறக்குங்க," என்றாள் அவள். "அடுத்த சீசனுக்கு ஜூஸ் மிசினும் வெக்கப்போறேன்."