ஸ்டைன்மன் துரை தோட்டத்துக் கவாத்து

கேப் டவுன் பக்கம் ஸ்டைன்மன் துரையின் திராட்சைத் தோட்டத்தில் எங்களுக்குப் பாதிக் கூலி ஒயின்தான். விடியும்போதே வெறும் வயிற்றில் முதல் குவளை. அப்படிக் குடித்தே என் அப்பா ஈரல் வெந்து செத்தார். புதைத்த மறுநாளே துரை என்னைக் கொடிகளைக் கவாத்து வெட்ட அனுப்பினான். அன்றிலிருந்து என் பங்கு ஒயினை மண்ணில்தான் ஊற்றினேன்.

கொடியின் ஒவ்வொரு கொம்பிலும் இரண்டு கணு விட்டு வெட்டினால்தான் குலை வரும். அவனுடைய உயர்ந்த ரகக் கொடிகளை ஒரு கணுவும் விடாமல் ஒட்ட நறுக்கினேன். வசந்தத்தில் இலை மட்டும் வந்தது.

“டேய் அடூன்ஸ், குலை எங்கடா? கண்ணு அவிஞ்சு போச்சா?”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு தொரை. கைதான் நடுங்கிடுச்சு. காலங்காத்தால நீங்க ஊத்தறது லேசுப்பட்ட சரக்கா?”

அந்த வருஷம் அவன் பீப்பாய்கள் காலி. அப்பாவின் சாவுக்கு அது பத்தாது. அடுத்த கவாத்துக்குக் கத்தரியைத் தீட்டி வைத்தேன்.