பதினொரு வினாடி

1

இந்தக் கதை நிருபமாவால் வந்தது. எனக்கு எழுதும் எண்ணமே இருக்கவில்லை. அவள்தான் கேட்டாள்: "அண்ணை, எங்கட சங்க மலருக்கு அண்டைக்கு நடந்ததை எழுதுங்கோவன். நீங்கள்தானே என்னைக் காப்பாத்தினது."

(காப்பாத்தினது. இந்தச் சொல்லை நினைவில் வைத்திருங்கள்.)

நான் தபோதரன். ஜேர்மனியில், டுசல்டோர்ஃபில் ட்ராம் ஓட்டுகிறேன். சனிக்கிழமைகளில் ஒரு ஓட்டக் குழுவோடு ஐஃபல் மலைப்பக்கம் போய், பாதையே இல்லாத இடங்களில் ஓடுகிறேன். "ஊர் உலகம் ரோட்டிலை ஓடுது, நீங்கள் சேத்துக்கை ஓடுறியள்" என்று மனைவி திட்டுவாள்.

2

முதல் தொடக்கம்: "மேட்டின் மீது மழை ஒரு

வேண்டாம். மழை மழைதான்.

இரண்டாம் தொடக்கம்: அக்டோபர், மாலை ஆறரை. சதுப்பு வெளி, முழங்கால் உயரப் புல், மழை, மூடுபனி. ஒன்பது பேர், நெற்றியில் விளக்கோடு. குழுவை நடத்தும் யூலியா முன்னால், நான் கடைசி. எங்கள் குழுவில் கடைசி ஆளுக்கு ஒரே வேலைதான்: எவரையும் முந்தக் கூடாது. யாராவது சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தாலும் அவனும் நிற்க வேண்டும். அவனுக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது. ட்ராம் கதவை மூடமுன் கண்ணாடி பார்த்துப் பழகியவன் என்று யூலியா அந்த வேலையை எனக்கே தந்திருந்தாள். எனக்கும் அதில் பெருமைதான்.

எனக்கு நேர் முன்னால் ஓடியவள் நிருபமா.

3

(அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். முப்பத்தொரு வயது, பல் வைத்தியரிடம் வேலை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இதை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள். அதுதான் வில்லங்கம்.)

முதல் வரைவில் இப்படி எழுதினேன்: "காற்றில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. யூலியா நின்று தலை எண்ணினாள். எட்டு. நெஞ்சு திக்கென்றது. திரும்பி ஓடினேன். இடுப்புவரை கறுத்த சேற்றில் நிருபமா, உதடெல்லாம் நீலம். தோள்பையின் பட்டியை வீசி இழுத்தெடுத்தேன்."

சத்தியமாக அப்படித்தான் நடந்ததென்று நம்பியிருந்தேன்.

4

எவ்வளவு தூரம் திரும்பி ஓடினேன் என்று கதைக்குத் தேவைப்பட்டது. என் கைக்கடிகாரம் ஓடிய வழியைக் கோடாக வரைந்து வைக்கும். திறந்து பார்த்தேன்.

அவள் விழுந்த இடத்தில், திரும்பி வரும்போது அல்ல, போகும்போதே, ஒரு தரிப்பு. மாலை 6:42:07 தொடக்கம் 6:42:18 வரை. அதன்பிறகு நூற்றுநாற்பது மீற்றர் முன்னோக்கி.

ஐயோ, நான் நின்றிருக்கிறேன். நின்று, பிறகு போயிருக்கிறேன்.

கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தேன். என்ன கோதாரி இது? சப்பாத்துக் கயிறு கட்ட நின்றிருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன்.

(அடிக்குறிப்பு: என் சப்பாத்துக்குக் கயிறு கிடையாது. திருகிப் பூட்டுகிற வகை.)

5

பழைய வரைவையே அவளுக்கு அனுப்பினேன். ஆம், கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான். வெட்கங்கெட்ட வேலை.

அரை மணியில் அழைத்தாள்.

"நல்லாயிருக்கு அண்ணை. ஒரு இடம் மட்டும்."

"எந்த இடம்?"

"ஒண்டும் கேக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறியள். உங்கட லைற் என்ர முகத்திலை பட்டதே. நான் கையைத் தூக்கினனான். பிறகு லைற் திரும்பிப் போயிட்டுது."

அவள் சொன்னதும் அந்த முகம் எனக்கு வந்துவிட்டது. வெளிச்சத்தில் கூசிய கண்கள், தூக்கிய ஒரு கை. இவ்வளவு நாளும் அது எங்கே இருந்தது?

"அப்ப ஏன் பிள்ளை, எல்லாருக்கும் முன்னாலை எனக்கு நன்றி சொன்னனீர்?"

"திரும்பி வந்தனீங்கள்தானே. எழுதேக்கை மிச்சத்தைச் சொல்லுவியள் எண்டு பாத்தனான்." பிறகு கேட்டாள்: "ஏன் போனனீங்கள், அண்ணை? அதைச் சொல்லுங்கோ. சொல்லாட்டி வாற சனி உங்களுக்கு முன்னாலை ஓட என்னாலை ஏலாது."

6

முடிவு ஒன்று: கடைசியாய் ஓடியவன் உதவிக்கு ஆள் கூப்பிடப் போனான். அழகான முடிவு. ஆனால் யூலியா தலை எண்ணும்வரை நான் வாயே திறக்கவில்லை.

முடிவு இரண்டு: முன்னால் போன கடைசி வெளிச்சமும் பனியில் மறைகிறது என்று பயந்து ஓடினான். இதை எழுதியதும் வெட்டிவிடப் பார்த்தேன். அதனால் இது உண்மையாக இருக்கலாம். அவளைச் சமாதானப்படுத்தப் பொருத்தமாகப் பிடித்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

முடிவு மூன்று: அவன்

இன்று வெள்ளி. நாளை ஓட்டம். வாசகரே, நீங்கள் முடிவு சொல்லமுன் ஒன்று செய்யுங்கள்: ஒன்றிலிருந்து பதினொன்றுவரை ஆறுதலாக எண்ணுங்கள். நான் எண்ணிப் பார்த்தேன். ட்ராம் கதவை அவ்வளவு நேரம் திறந்து வைத்தால், தெருவின் மறுபக்கம் நிற்கிறவரும் ஓடிவந்து ஏறிவிடலாம்.

எண்ணிவிட்டீர்களா? நிருபமா, நீரும் எண்ணினீரா?

மாலை 6:42:07. அவள் கையைத் தூக்கினாள். நான்