ஊமைக் கல்யாணத்துக்கு ஒரு மைக் செட்

கண்ணபிரானுக்கும் பாண்டியம்மாளுக்கும் சண்டை வந்தால், அது எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். ரசத்தில் உப்பு கூடியதில் ஆரம்பிக்கலாம், ஆடு அடுத்தவர் புஞ்சையில் வாய் வைத்ததில் ஆரம்பிக்கலாம். கொஞ்ச நேரத்தில் பாண்டியம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "ஊமைக் கல்யாணம் முடிச்சுக் கூட்டிட்டு வந்த ஆளுதான நீங்க" என்பாள். அதோடு சண்டை ஓய்ந்துவிடும். இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் கண்ணபிரான் பத்தொன்பது வருஷமாக முழித்துக்கொண்டிருந்தான்.

அவள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் கண்ணபிரான் வீட்டு வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியாகிவிட்டது. பாட்டென்றால் சோறு தண்ணி வேண்டாத பாண்டியம்மாள், எந்தெந்தப் பாட்டைப் போட வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியே அனுப்பியிருந்தாள். மைக் செட்காரர் இசைத்தட்டில் முள்ளை வைக்கப்போகிற நேரத்தில் எதிர்வீட்டுப் பெரியவர் கண்ணை மூடிவிட்டார். தெருவில் பிணம் கிடக்கும்போது குழாய் பாடக் கூடாது. அது அந்த ஊரில் யாரும் எழுதி வைக்காத சட்டம். மறுநாள் அடுத்த தெருக் கோயிலில் வைத்துச் சத்தமில்லாமல் தாலி கட்டினார்கள். தவில்காரர் தவிலை உறையை விட்டே எடுக்கவில்லை. பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

"அவரு செத்ததுக்கு நான் என்னட்டி செய்ய?" என்று கண்ணபிரான் ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தான். அன்றைக்கு ராத்திரி அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கல்யாணமாகிப் பத்தொன்பதாவது வருஷம் வைகாசி பிறந்ததும் ஆட்டுக்கு மருந்து வாங்கக் கோவில்பட்டிக்குப் போனவன், செய்யது அலியின் ரேடியோ கடையில் ஒதுங்கினான். பக்ரீத்துக்கு வருஷா வருஷம் கண்ணபிரானிடம் கிடாய் வாங்குகிறவர் செய்யது அலி. வியாபாரத்தில் ஆரம்பித்துச் சிநேகிதத்தில் வந்து நின்றிருந்தது. அவர் ஒரு பொட்டலத்தைப் பளபளக்கிற தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஆயிஷாவுக்கு. இன்னைக்கு எங்க கல்யாண நாளு. கடைய வெள்ளனே சாத்துதேன்" என்றார்.

"கல்யாணம் முடிஞ்சது முடிஞ்சதுதான? அதுக்கு எதுக்கு வருசா வருசம் ஒரு நாளு?"

"பொம்பளையளுக்கு அந்த நாளு மறக்கவே மறக்காதுவே. வருசத்துல ஒரு நாளு நமக்கும் ஞாபகம் இருக்குன்னு காட்டிக்கிட்டா, மிச்ச நாளு எல்லாம் பொழச்சுக் கெடக்கலாம். ஒண்ணு மட்டும், முன்கூட்டிச் சொல்லிறப்புடாது. சொல்லாமக் குடுத்தாத்தான் அது பரிசு."

கண்ணபிரானுக்கு மூளையில் விளக்கு எரிந்தது. வைகாசி பதினைந்து அவன் கல்யாண நாள். பாட்டு சம்பந்தமாக ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டால், அந்த ஊமைக் கல்யாணப் பேச்சை ஒரேயடியாக அடைத்துவிடலாம்.

செய்யது அலி கடையையே கீழே இறக்கிவிட்டார். டேப் ரெக்கார்டர் நன்றாகத்தான் பாடியது. ஆனால் அதை வாங்க ஒரு வளர்ந்த கிடாயை விற்க வேண்டும். கையில் இருந்ததோ ஆட்டு மருந்து போக மிஞ்சிய காசும், பாண்டியம்மாள் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸில் அவளுக்குத் தெரியாமல் வாங்க முடியாத அட்வான்ஸ் பற்றிய ஒரு யோசனையும்தான். மணிக்கு ஒரு தடவை பாடுகிற கடிகாரம் பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு தடவை பாடுமென்று தெரிந்ததும் வேண்டாமென்றான். குருவி மாதிரிக் கத்துகிற வாசல் மணியைச் செய்யது அலி அமுக்கிக் காட்டினார்.

"எங்க ஊருல எவரு வாசல்ல நிக்காவ? நேரா அடுப்படிக்கே வந்துருவாவ" என்றான் கண்ணபிரான்.

கடைசியில் சட்டைப்பைக்குள் அடங்குகிற ரேடியோ ஒன்றைத் திருகினார். தென் மாவட்டங்களில் வறண்ட வானிலை நிலவும் என்றது அது. மழை வராது என்று சொல்வதற்கு ஒரு பெட்டி எதற்கு? அதற்குத்தான் வானம் இருக்கிறதே.

அந்த நேரத்தில்தான், ரிப்பேருக்கு விட்ட ஆம்ப்ளிஃபையரை வாங்க இசக்கியப்பன் வந்தான். பசுவந்தனைச் சுற்று வட்டாரத்தில் கல்யாணமோ கோயில் கொடையோ அவனுடைய மைக் செட்தான். கண்ணபிரான் அவனையும் ஆம்ப்ளிஃபையரையும் மாறி மாறிப் பார்த்தான். அன்றைக்குப் பாடாமல் போன குழாயை இன்றைக்குப் பாட வைத்துவிட்டால் என்ன?

"இசக்கி, வைகாசி பதினஞ்சுக்கு செட்டு சும்மா இருக்கா?"

இசக்கியப்பன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். "புதன்கிழம, நவமி. அன்னைக்கு எவன் விசேஷம் வப்பான்? என்ன விசேஷம் அண்ணாச்சி?"

"அதெல்லாம் சொல்லப்புடாது. நவமியில சும்மா கெடக்குற செட்டுதான, பாதி வாடகைக்குக் குடு. என் வீட்டுக்காரி தீப்பெட்டி ஆபீஸ் போய்ட்டு நாலு மணிக்கு வருவா. அவ தெருவுல காலு வைக்கையில பாட்டுப் பாடணும்."

இசக்கியப்பன் ஒத்துக்கொண்ட பாதி வாடகை கண்ணபிரான் கையில் இருந்த காசுக்குள் அடங்கியது. பஸ்ஸில் ஊர் திரும்பும்போது கண்ணபிரான் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வைகாசி பதினைந்து காலையில் பாண்டியம்மாள் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறிப் போனாள். மகள் மாரிசெல்வி டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கோவில்பட்டி பஸ் ஏறினாள். கண்ணபிரான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஆடுகளைப் பத்திக்கொண்டு மேற்கே போனான். மூன்று மணிக்குத் திரும்பினால் போதும் என்பது அவன் கணக்கு.

மைக் செட்காரன் குணம் அவனுக்குத் தெரியவில்லை. வேப்பமரத்தில் குழாயைக் கட்டி முடித்த இசக்கியப்பன், கட்டின குழாய் சும்மா இருந்தால் தொழிலுக்கு ஆகாது என்று பத்து மணிக்கே ஒரு சாமி பாட்டைத் தட்டிவிட்டான். அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடக்கிற கரிசல் காட்டில் சத்தத்தைத் தடுக்க ஒன்றும் கிடையாது. அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு மைலுக்கு அப்பால் உடைமர நிழலில் உட்கார்ந்திருந்த கண்ணபிரானுக்கும் அது தெளிவாகக் கேட்டது. பதறி எழுந்து ஆடுகளைத் திருப்பினான். மனுஷன் அவசரம் ஆட்டுக்கு எங்கே தெரிகிறது? அவை வழியில் கண்ட உடைமர நெற்றையெல்லாம் நின்று நிதானமாகத் தின்றுகொண்டு வந்தன.

அதற்குள் ஊர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ஒரு வீட்டில் குழாய் பாடினால் விசேஷம். நவமியன்று, யாருக்கும் சொல்லாமல் விசேஷம் வைத்தால் அது அவசர விசேஷம். வீட்டில் பதினெட்டு வயசில் பெண் இருக்கிறது. ஆகவே, கண்ணபிரான் யாரோ பெரிய இடத்துக்கு மாரிசெல்வியை ரகசியமாக நிச்சயம் பண்ணுகிறான். சொல்லவில்லை என்பதற்காகப் போகாமல் இருக்க முடியுமா? பெண்கள் தலையில் பூ வைத்துக்கொண்டு, வெற்றிலை பாக்கு பழத்தோடு கிளம்பிவிட்டார்கள்.

பாட்டு அடுத்த ஊருக்கும் கேட்டது. அங்கேதான் பாண்டியம்மாளின் தம்பி சுந்தரபாண்டியன் இருந்தான். பஸ்ஸில் வந்தவர்கள் யார் வீட்டுக் குழாய் என்று சொன்னதும் அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். தாய்மாமனைக் கூப்பிடாமல் நிச்சயமா?

கண்ணபிரான் ஆடுகளோடு தெருமுனைக்கு வந்தபோது, வீட்டு முன்னால் ஒரு டிராக்டர் நின்றது. சுந்தரபாண்டியன் ஒரு டிராக்டர் நிறைய ஆட்களோடு வந்து இறங்கியிருந்தான். தாய்மாமன் என்கிற முறையில் கோபத்தில் கத்திக்கொண்டிருந்தான். அதே தாய்மாமன் என்கிற முறையில், வந்த சனத்துக்குச் சாப்பாடு வேண்டுமே என்று கல் கூட்டி அண்டாவும் ஏற்றி வைத்திருந்தான்.

"வாங்க மச்சான். என்னயக் கூப்புடணும்னு தோணலைல்லா ஒங்களுக்கு? இருக்கட்டும். அத அப்பறம் பேசிக்கிடுவோம். மொதல்ல சோத்தப் பாப்போம்" என்றவன், திரும்பி தன் ஆட்களிடம், "ஏலே, அந்தச் செவலக் கிடாயப் பிடிங்க" என்றான்.

அந்தச் செவலைதான் டேப் ரெக்கார்டருக்கு விற்க மனசில்லாத கிடாய். கண்ணபிரான் வாயைத் திறப்பதற்குள் அதைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால் அங்கே நின்ற ஆம்பிளைகள் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் ஓடிப்போனது. ஆடு மேய்க்கிறவன் பெண்டாட்டிக்குப் பாட்டுப் போட்டான் என்று ஊரில் எப்படிச் சொல்வது? அதற்குப் பேசாமல் நிச்சயமே பண்ணிவிடலாம் போலிருந்தது.

பாண்டியம்மாளுக்கும் சேதி போய்விட்டது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு, வந்த லாரியில் ஏறி மூச்சிரைக்க வந்து நின்றாள். கையில் தீக்குச்சி மருந்துகூடக் கழுவப்படாமல் இருந்தது. கூட்டம் வழி விட்டது. இசக்கியப்பன் நிலைமை தெரியாமல், அவளைக் கண்டதும் ஒரு கல்யாணப் பாட்டை மாற்றிப் போட்டான்.

"எவனுக்கு? எம் மகள எவனுக்குக் குடுக்குதீங்க?" என்றாள். "பெத்தவட்ட ஒரு வார்த்த கேக்காம?"

அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும் கண்ணபிரானுக்கு ஊராவது வெட்கமாவது என்று ஆகிவிட்டது. அவளை அழ வைக்கவா அவன் குழாய் கட்டினான்?

"மாரிசெல்விக்கு ஒண்ணுமில்லட்டி. அவ டைப்பு அடிக்கப் போயிருக்கா. இது ஒனக்கு" என்றான்.

"எனக்கா?"

"இன்னைக்கு வைகாசி பதினஞ்சுல்லா. நம்ம கல்யாணத்தன்னைக்குத்தான் குழாய் பாடல. அதான், ஒனக்குன்னு…"

முதலில் ஒரு கிழவி சிரிக்க ஆரம்பித்தாள், அப்புறம் தெருவே சிரித்தது. சிலர் கிளம்பலாமா என்று யோசித்தார்கள். கறி வேகிற வாசனை வந்ததும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"மச்சான், இதுக்கா நான் டிராக்டர் பிடிச்சு வந்தேன்?" என்று தலையில் கையை வைத்துக்கொண்டான் சுந்தரபாண்டியன்.

பாண்டியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு நேரே அம்மிக்குப் போனாள். வீடு நிறைய சனம் வந்தபிறகு வீட்டுக்காரி வேறு எங்கே போவாள்? மசாலா அரைத்தாள், சோறு வடித்தாள், வந்தவர்களுக்கு இலை போட்டாள், போனவர்களுக்கு வெற்றிலை கொடுத்தாள். நடுவில் வந்து சேர்ந்த மாரிசெல்வி, தெருமுனையில் நான்கு பேர் தன்னிடம் மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டதாகச் சொல்லி அப்பாவை முறைத்தாள். குழாய் ஓயாமல் பாடிக்கொண்டிருந்தது. கண்ணபிரான் ஓரக்கண்ணால் பாண்டியம்மாளைப் பார்த்தபடியே பரிமாறினான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

பொழுது சாயும்போது டிராக்டர் போய்விட்டது. இசக்கியப்பன் மரத்திலேறிக் குழாயைக் கழற்றி இறக்கினான். கண்ணபிரான் தயங்கித் தயங்கி அடுப்படி வாசலில் போய் நின்றான்.

"பாட்டெல்லாம் எப்படி இருந்துச்சு?"

பாண்டியம்மாள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "என்னத்தக் கேட்டேன்? சோறு காணுமா, கறி காணுமான்னு ஓடுனதுதான். ஒரு பாட்டக்கூட உருப்படியாக் கேக்கல."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அலுப்பாகச் சொன்னாள். ஊரெல்லாம் கேட்டிருக்கிறது, பக்கத்து ஊரும் கேட்டிருக்கிறது, யாருக்காக வைத்தானோ அவள் கேட்கவில்லை. ஒரு கிடாயும் போய், ஊர்ச் சிரிப்பும் வாங்கி, கடைசியில் அவளை அண்டா தேய்க்க வைத்திருக்கிறான்.

வாசலுக்கு ஓடினான். "இசக்கி, ஒரே ஒரு பாட்டு."

"குழாயக் கழட்டியாச்சே அண்ணாச்சி. வேணும்னா இந்தச் சின்ன டப்பாவுல போடுதேன். கேசட்டு டெஸ்ட் பண்ணுததுக்கு வச்சிருக்கது. இங்கன நிக்கிறவியளுக்குத்தான் கேக்கும்."

கண்ணபிரான் உள்ளே போய், பாண்டியம்மாளின் கையிலிருந்து தேங்காய் நாரைப் பிடுங்கிப் போட்டான். "வா" என்றான். அவனுடைய குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்காக அவள் எழுந்து வந்தாள். பந்தியில் மிச்சம் கிடந்த நாற்காலியில் உட்காரச் சொன்னான். கை நிறையச் சாம்பலோடு உட்கார்ந்தாள்.

"எந்தப் பாட்டு மதினி?" என்றான் இசக்கியப்பன்.

அவள் யோசிக்கவே இல்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தம்பியிடம் சொல்லி அனுப்பியதில் முதல் பாட்டைச் சொன்னாள். பெட்டிக்குள் துழாவி அவன் அதை எடுத்துப் போட்டான். உள்ளங்கை அகல டப்பாவிலிருந்து பாட்டு மெல்ல வந்தது. பாண்டியம்மாள் அசையவில்லை. பாதியில் அவளுடைய உதடு கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தது. கண்ணபிரான் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் குத்தவைத்து, மூச்சு விடும் சத்தம்கூட இடைஞ்சலாகிவிடக் கூடாதென்று இருந்தான்.

பக்கத்து வீட்டு செண்பகவல்லி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "என்னக்கா, பாட்டு கேக்கவே இல்லையே. நல்லாக் கூட்டி வைக்கச் சொல்லேன்."

பாண்டியம்மாள் திரும்பாமலே சொன்னாள்.

"ஊருக்கு வச்சது முடிஞ்சுபோச்சு செண்பகம். இது எனக்கு வச்சது."