இடது கைச் சட்டையைத் தூக்கவும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. சுகாதார அலுவலகத்தின் விளம்பரப் பிரிவு அதிகாரி ஒருவர் ஃபோனில் கூப்பிட்டு, “சார், ஒரு சின்ன விழிப்புணர்வுக் கதை வேணும். மூணு பக்கம் போதும்” என்றார். தொண்டை அடைப்பான் நோய் மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது, பெரியவர்களும் ஒரு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிகளில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் போட்டுக்கொண்டாயிற்று. இந்தப் பக்கம், மொத்தவிலை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் குடியிருக்கும் தெருவில், ஆளே வருவதில்லை. “அறியாமை சார். பயம். நீங்க எழுதினா படிச்சுத் திருந்துவாங்க” என்றார்.

என் கதையைப் படித்துத் திருந்திய ஒரே ஆள் என் மைத்துனர். அதற்கப்புறம் அவர் கதையே படிப்பதில்லை. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். கடைசியில் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும், டாக்டர் புன்னகைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

“கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிய அந்த இனிய காலைப்பொழுதில், அறியாமை இருளில் மூழ்கிக் கிடந்த அந்தத் தெருவுக்குள் வெள்ளுடைத் தேவதையாக—”

வேண்டாம். வெள்ளுடைத் தேவதைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை, எரிச்சலில் இருக்கிறாள்.

இரண்டாம் முயற்சி:

நர்ஸ் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஒரு கையில் மருந்துப் பெட்டி, இன்னொரு கையில் குடை. மார்க்கெட் பின்வாசல் வழியாகத் தெருவுக்குள் நுழைந்தபோது எதிரே வந்தவர்கள் எல்லாரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். மரியாதையால் அல்ல. கண்ணில் பட்டால் ஊசி போட்டுவிடுவாள் என்ற முன்னெச்சரிக்கை.

அவளுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். வேறு யாராவது என்றால் போகட்டும். அவள் பிறந்து வளர்ந்ததே இந்தத் தெருவில்தான்.

[இது நான் போட்ட திட்டத்தில் இல்லை. எழுதும்போது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. வந்தவளைப் போகச் சொல்ல மனமில்லை.]

மூட்டைக்காரர்களின் மேஸ்திரி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். என்றைக்கோ ஒரு பந்தயத்தில் இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்கியதால் அவனுக்கு ‘ரெட்டை’ என்று பெயர். கல்யாணமாகிப் பல வருஷம் கோயில், டாக்டர் என்று அலைந்த பிறகு போன மாதம்தான் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. ஊசி போடும் வயது அதற்கு இன்னும் வரவில்லை. ஆனால் அது தெருவுக்கே பொதுக் குழந்தை. மார்க்கெட்டிலிருந்து திரும்புகிற ஒவ்வொருவனும் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் அதைத் தூக்கி, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அப்படிக் கொஞ்சுகிறவர்களில் ஒருவர், அண்ணனுக்கு அடுத்த வீட்டுக்காரர், இப்போது தொண்டை அடைத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நல்லவேளையாக அவர் படுத்த வாரம் குழந்தை அண்ணியின் அம்மா வீட்டில் இருந்தது.

அடுத்த தடவையும் இப்படி நல்லவேளை வரும் என்று யார் கண்டது? நர்ஸுக்குச் சோறு இறங்கவில்லை.

3

முகாம் நடந்த இடம் அதே தெருவில் மூடிக் கிடந்த ஒரு முடிதிருத்தும் கடை. கண்ணாடி, அதன் எதிரே தரையோடு திருகி இறுக்கிய பெரிய நாற்காலி, வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் நர்ஸின் மேசை. வெளியே ஒலிபெருக்கி வண்டி: “அன்பார்ந்த பொதுமக்களே! இடது கைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வாருங்கள்!”

வரிசை என்பது அவளும் நாற்காலியும்தான். எப்போதாவது யாராவது எட்டிப் பார்த்து ஒரு காரணம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

“எங்க உடம்பு இரும்புக்கா. ஊசிதான் வளைஞ்சு போகும்.”

“சின்ன வயசுலயே போட்டாச்சுக்கா.”

“ஊசி போட்டா முடி கொட்டுதாமே?” இப்படிக் கேட்டவருக்குத் தலையில் கொட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

நர்ஸ் எல்லாவற்றையும் நம்பினாள். நம்பி, அலுவலகத்துக்குச் சொன்னாள். அலுவலகம் சும்மா இருக்குமா? மறுவாரமே ‘தடுப்பூசியால் முடி கொட்டாது’ என்று பெரிய எழுத்தில் சுவரொட்டி அடித்து ஊர் முழுக்க ஒட்டியது.*

* இதனால் விளைந்த பலன்: பாலத்துக்கு அந்தப் பக்கம் அதுவரை நிம்மதியாக இருந்தவர்கள், “அப்ப முடி கொட்டுமா என்ன?” என்று அலுவலகத்துக்கு ஃபோன் போட ஆரம்பித்தார்கள்.

4

இங்கே வந்து கதை படுத்துவிட்டது.

எனக்கு இந்த மூட்டைக்காரர்கள் மேல் நம்பிக்கை வரவில்லை. லாரியிலிருந்து கிடங்குக்குப் போட்ட பலகையில் ஒருவன் கால் வைத்த இடத்தில் அடுத்தவன் கால் வைத்து நடக்கிறவர்கள், ஊசி என்றால் மட்டும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்களா? ஆளுக்கொன்று சொன்னால் அது சாக்கு. சாக்குக்கு அடியில் ஏதோ ஒன்றை எல்லாருமாகச் சேர்ந்து மறைக்கிறார்கள். அதை எழுதுகிற எனக்கே சொல்ல மாட்டேன் என்கிறார்கள்!

கோபத்தில் பேனாவை வைத்துவிட்டு நானும் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். (நான் இருப்பது அந்தப் பக்கம்.) மறுநாள் இடது கை தூக்க வரவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு புத்தகம் எடுக்க முடியவில்லை. “ஐயோ அம்மா” என்று வாய்விட்டுப் புலம்பினேன். மனைவி தேநீரைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு நாள் ஒரு வரி எழுதவில்லை, ஒருவரும் என்னை ஏனென்று கேட்கவில்லை, ஒருவரும் சிரிக்கவும் இல்லை.

புரிந்துவிட்டது. நேரே அண்ணன் வீட்டுக்குப் போவோம், வாருங்கள்.

5

அண்ணன் பாயில் சாய்ந்திருந்தான். குழந்தை அவன் மார்பில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“அண்ணே, இன்னிக்காவது வந்து போட்டுக்கோ.”

“பார்க்கலாம்.”

“என்னத்தப் பார்க்கலாம்? பக்கத்து வீட்டுல ஒரு மனுஷன் மூச்சு விட முடியாம கிடக்கறார். நீ பாட்டுக்கு எல்லார்கிட்டயும் பழகிட்டு வந்து குழந்தையை மேல போட்டுக்கற.”

“என் குழந்தையை நான் கொஞ்சறதுக்கும் உன்கிட்ட அனுமதி வாங்கணுமா நர்சம்மா?”

(அவன் ‘நர்சம்மா’ என்றால் கோபம். பாசமாக இருந்தால் ‘ஏய்’.)

“கேக்கறதுக்குப் பதில் சொல்லு. ஏன் வர மாட்டேங்கற?”

“அதெல்லாம் நமக்கு வேண்டாம். நம்ம ரத்தம் கெட்டி...”

சமையலறையிலிருந்து அண்ணி கரண்டியோடு வந்து நின்றாள். “போதும், நிறுத்துங்க! ரத்தமாம், கெட்டியாம்! தோள் வலிக்கும்னு சொல்ல வாய் வரல, அதுக்கு இத்தனை கதை!”

அண்ணன் கூரையைப் பார்த்தான். நர்ஸ் அண்ணியைப் பார்த்தாள்.

“நீயே சொல்லு,” என்றாள் அண்ணி. “இவங்க எல்லாரும் மூட்டையை எந்தத் தோள்ல வெப்பாங்க?”

“இடது.”

“ஏன்?”

இதைத் தெரியாமல் அந்தத் தெருவில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. வலது கை, மூட்டையைக் குத்திப் பிடிக்கும் கொக்கிக்கு. பலகையில் போகிறவனும் வருகிறவனும் உரசாமல் தாண்ட வேண்டுமென்றால் எல்லாருக்கும் மூட்டை ஒரே பக்கம் இருக்க வேண்டும். இடது கையைத் தூக்கி மூட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும். அந்தக் கை ஒருவனுக்குத் தூக்க வரவில்லையென்றால் பலகை நிற்கும், பின்னால் மொத்த வரிசையும் நிற்கும்.

“அதைச் சொல்லியிருக்கலாமே!” என்றாள் நர்ஸ்.

“எப்படிச் சொல்றது?” அண்ணன் முதல் தடவையாக நேராகப் பேசினான். “கால்ல மூட்டை விழுந்ததுன்னு ஒருத்தன் ஒரு தடவை அய்யோன்னு கத்தினான். அன்னிலேர்ந்து அவன் பேரே அய்யோ. அவன் பெண்டாட்டி அய்யோ வீட்டுக்காரி. அவன் புள்ளையைப் பள்ளிக்கூடத்துலகூட அய்யோ மகன்னுதான் கூப்பிடறாங்க. நான் மேஸ்திரி. ஊசி வலிக்கும்னு நான் சொன்னா என் பொண்ணை என்னன்னு கூப்பிடுவாங்க?”

நர்ஸ் அவன் மார்பில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். திட்டுவதற்கு வாயெடுத்தவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. (இது நோயல்ல. அழுகை.)

“அப்ப வலது கையில போட்டா?” என்று கேட்டாள்.

“கொக்கி பிடிக்க மணிக்கட்டு போதும். ஆனா நீங்கதான் இடது கை, இடது கைன்னு மைக் வெச்சுக் கத்தறீங்களே! சட்டம் இருக்கும்போல, கேட்டா நம்மளைக் கிண்டல் பண்ணுவாங்கன்னு விட்டுட்டோம்.”

நர்ஸ் அங்கேயே நின்றபடி டாக்டருக்கு ஃபோன் போட்டாள்.

“எந்தக் கையா இருந்தா என்னம்மா? இடதுதான்னு யார் சொன்னது?”

“நம்ம மைக் வண்டிதான் சார்.”

“மைக் வண்டிக்கு யார் சொன்னது?”

“நான்தான் சார்.”

“உனக்கு?”

அவள் யோசித்தாள். ஒருவரும் சொல்லவில்லை. முடிதிருத்தும் நாற்காலி திரும்பாது, வலப்பக்கம் சுவர். உட்கார்ந்தால் இடது கைதான் அவள் பக்கம் வரும். முதல் நாள் தப்பித்தவறி வந்த ஒருவருக்கு அப்படிப் போட்டாள், இரண்டாம் நாள் வண்டிக்காரர் கேட்டபோது அப்படியே சொன்னாள், மூன்றாம் நாள் அது விதியாகிவிட்டது. ஒரு நாற்காலி சொன்னதைக் கேட்டு ஒரு தெருவே வெளியில் நின்றிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே தன் மேல் கோபம் வந்தது, சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். “பிரச்சினை தீரலடி,” என்றாள். “வலது கையில போடுன்னு இவர் எல்லார் எதிர்லயும் கேக்கணுமே. கேட்டாலே இடது வலிக்கும்னு ஒத்துக்கிட்ட மாதிரிதானே?”

[அண்ணி சொல்வது சரி. நான் இதோடு முடித்துவிடலாம் என்று பார்த்தேன்.]

6

ஆறாம் பகுதியில் டாக்டர் புன்னகைப்பதாக இருந்தது. எடுத்துவிட்டேன். ஃபோனில் பேசியதே அவருக்குப் போதும்.

7

மறுநாள் மூட்டை இறக்கி முடிந்ததும் அண்ணன் முகாமுக்கு வந்தான். பின்னால் மொத்தக் கூட்டமும் வந்தது. மேஸ்திரி எங்கே போனாலும் கூடவே போவது அவர்கள் வழக்கம், போட்டால் எல்லாரும், போடாவிட்டால் யாருமில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அய்யோவும் இருந்தான், நடக்கப்போவதைப் பார்க்க அவனுக்கு யாரையும்விட ஆசை.

முடிவு, அதிகாரி கேட்டபடி: “வலது கை,” என்றான் மேஸ்திரி. எல்லாரும் கைதட்டினார்கள். வரிசை பாலம் வரை நீண்டது. வானில் பறவைகள் சிறகடித்து—

பறவைகளை விடுங்கள். மூட்டைக்காரர்கள் கைதட்டி நான் பார்த்ததில்லை.

முடிவு, என் புத்திக்கு முதலில் தோன்றியபடி: அவன் வீம்புக்கு இடது கையையே நீட்டினான். மறுநாள் பலகையில் அந்தக் கை பாதியில் நின்றது. மூட்டை சரிந்து—

இல்லை. ஒரு மூட்டையைச் சரியவிட்டு என் கதையை நிமிர்த்த எனக்கு இஷ்டமில்லை.

நடந்ததாக நான் நம்புவது இது. அண்ணன் அந்த நாற்காலியில் பின்பக்கமாக ஏறி, முதுகுச் சாய்மானத்தைக் கட்டிப்பிடித்து, குதிரையேறின மாதிரி உட்கார்ந்தான். வலது கை நர்ஸ் பக்கம் வந்துவிட்டது. முகம் வாசல் பக்கம். இத்தனை பேரையும் நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும்.

“எந்தக் கைண்ணே?” என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்காமல் போடக் கூடாது.

அவன் வாசலில் நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தான்.

“வலது,” என்றான். அப்புறம் யாரும் கேட்காமலேயே, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, “இடதுல போட்டா வலிக்கும். மூட்டை தூக்க முடியாது. இதுவும்தான் வலிக்கும். வலிச்சா சொல்லுவேன். என் பொண்ணைவிட எனக்கு என் பேர் பெருசில்ல. போடு ஏய்” என்றான்.

அவள் போட்டாள்.

“வலிக்குது,” என்றான் அவன், எல்லாருக்கும் கேட்கும்படி.

கூட்டத்தில் முன்னால் நின்ற ஒருவன், நான் பெயர் வைக்காத ஒருவன், வாயைத் திறந்தான். அந்த வாயில் வரப்போவது மேஸ்திரிக்குச் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டப்பெயராகவும் இருக்கலாம். “எனக்கும் வலதுதான்” என்பதாகவும் இருக்கலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் உட்காரவில்லை. கை வலித்தால் படுத்துக்கொள்ள முடிகிறவன் நான். அவன் என்ன சொன்னான் என்று எழுத எனக்கு என்ன யோக்கியதை?

நீங்கள் சொல்லுங்கள். ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள். புருஷன் குரல் கேட்டு அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு முகாம் வாசலுக்கு வந்துவிட்டாள். கூட்டத்தில் ஒருவன், இன்னும் ஊசி போடாதவன், அதைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டிவிட்டான்.