கறுப்பு நாடா கட்டிய வாழ்த்து அட்டைகள்

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. அம்மா இருந்த ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ரெமிஜியஸ் அண்ணன் சொல்லி அனுப்பியதும், ஆஸ்டின் டவுனிலிருந்து ஜட்கா குதிரைவண்டி பிடித்து வந்து இறங்கினேன். நான் வராவிட்டால் பாதிச் சாமான் மாயமாகிவிடும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அண்ணன் காலையிலிருந்து என் கண்ணைப் பார்த்துப் பேசவே இல்லை.

அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்தோம். பழைய கிறிஸ்துமஸ் அட்டைகள், ஈஸ்டர் அட்டைகள், அப்பாவின் மூக்குக்கண்ணாடி, முதல் நற்கருணைக்குப் போட்ட என் புதுநன்மை முக்காடு. கை அடுக்கிக்கொண்டிருந்தாலும் என் கண் அண்ணன் மேல்தான். கறுப்பு நாடா கட்டிய ஒரு காகிதக் கட்டை எடுத்தவர், நாற்காலியில் கிடந்த தன் கோட்டுக்கு அடியில் மெதுவாகச் செருகினார்.

வாசலில் விறகுக்காரன் கூப்பிட்டான். அண்ணன் போனதும் கோட்டைத் தூக்கினேன். எனக்கென்ன வெட்கம்?

எல்லாம் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள். உறைகளின் மேல் அம்மாவின் கையெழுத்தில் 'பெர்னதெத்துக்கு' என்று இருந்தது. என் பெயர்தான். ஆனால் அம்மா எனக்கு ஒரு பிறந்தநாளுக்கும் அட்டை கொடுத்ததில்லை. நான் பிறந்தது 1900 நவம்பர்; இவற்றிலோ எல்லாம் மே பத்து. 'ஏழாம் பிறந்தநாள், 1903' என்றது ஒன்று. அப்போது எனக்கு இரண்டு வயது. கடைசி அட்டை போன வருஷம், 1933: முப்பத்தேழாம் பிறந்தநாள்.

இதே பெயரில் அம்மாவுக்கு இன்னொரு மகள் எங்கேயோ இருக்கிறாளா? இல்லை, அவள்தான் மகள், நான் கன்னியர் மடத்திலிருந்து எடுத்து வந்த பிள்ளையா? எனக்கு வீட்டில் யார் சாயலும் இல்லை என்று அத்தை எப்போதோ சொன்னது இப்போது சுருக்கென்றது.

அண்ணன் திரும்பி வந்தபோது கட்டு என் மடியில் இருந்தது.

"உண்மையைச் சொல்லுங்கண்ணா. நான் யாரு பெத்த பொண்ணு?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாளாம். பிளேக் வந்த வருஷம், இரண்டு வயதில் போய்விட்டாள். உடலைத் தூக்கிக்கொண்டு போன சர்க்கார் ஆட்கள் அம்மாவை அவள் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. அடுத்துப் பிறந்த எனக்கு அதே பெயரை வைத்தவர் அப்பா. அவள் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றவரும் அவரே.

"இதைத் தன்னோட சவப்பெட்டியில வைக்கச் சொன்னாங்க அம்மா. நீ பக்கத்தை விட்டு நகரவே இல்ல. எப்படி வைக்கிறது?"

செத்தவளுக்கு இத்தனை அட்டை, உயிரோடு இருக்கிறவளுக்கு ஒன்றுகூட இல்லை. ஆத்திரம் பொங்கியது. எரித்துவிடச் சொல்லி நீட்டினேன். அண்ணன் வாங்கவில்லை; படித்துவிட்டுக் கொடு என்றார்.

ஒன்றைப் பிரித்தேன். 'தங்கச்சிக்குப் பல் முளைத்திருக்கிறது. உன் பெயரை அவளுக்கு வைத்துவிட்டார்கள். எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை, பாப்பா என்கிறேன்.' உண்மைதான். கடைசி மூச்சு வரை அம்மாவுக்கு நான் பாப்பாதான்.

அடுத்ததில் தங்கச்சிக்கு அம்மை போட்டு, அம்மா பதினோரு நாள் தூங்கவில்லை. இன்னொன்றில் தங்கச்சி டீச்சராகிவிட்டாள், பிள்ளைகளை நன்றாக மிரட்டுகிறாளாம். எதைப் பிரித்தாலும் என் பேச்சுதான்.

கடைசி அட்டையில் எழுத்து நடுங்கியிருந்தது. 'நான் சீக்கிரம் உன்னிடம் வந்துவிடுவேன். தங்கச்சியை விட்டு வருவதுதான் கஷ்டமாக இருக்கிறது. அவள் யாரையும் லேசில் நம்பமாட்டாள்.'

முப்பது நாளாக வராத அழுகை வந்தது. அண்ணன் கட்டை வாங்கக் கை நீட்டினார். நான் விடவில்லை.

"மே பத்து வருதில்ல," என்றேன். "அம்மா வந்து சேந்தாங்களான்னு அவளுக்கு எழுதிக் கேக்கணும்."