இடது பின்சில்லு

கத்தரீனா கார்ச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "இனி நான் கார் ஓடமாட்டன்" என்றாள். கத்திச் சொல்லியிருந்தால் சூசைதாசன் பயந்திருக்க மாட்டான். அவள் மெதுவாகச் சொன்னாள்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில், சிஞ்ஞோரா என்று அவர்கள் கூப்பிடும் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் இருவருக்கும் வேலை. அவனுக்குத் தோட்டம், அவளுக்குச் சமையலும் காரும். கண் வைத்தியத்துக்கு வாரம் மூன்று நாள் சிஞ்ஞோராவை நகரத்துக்குக் கூட்டிப்போய் வருவது அவள்தான். அவர்களுடைய கோயில் பங்கில் லைசென்ஸ் எடுத்த முதல் தமிழ்ப் பெண் அவள். இத்தாலிய மொழியில் மூன்று தரம் சோதனை எழுதி எடுத்தது. ஊரில், பேசாலைக் கடலில் வள்ளம் ஓட்டிய சூசைதாசனுக்குக் கார் ஓடத் தெரியாது. மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பும்போது அவனுக்குப் பெருமை தாங்காது. அதை ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கிறானா என்றால், இல்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம் மலையில் குளிர் உயிரை வாங்கியது. காலையில் கார் வாசல் படலையைத் தாண்டவே முக்கி முனகும். பாதி வழியில் பின்பக்கமிருந்து கருகல் மணம் வரும். மத்தியானம் திரும்பும்போது ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். மூன்றாம் தரமும் அப்படி நடந்த வெள்ளிக்கிழமை, சிஞ்ஞோராவின் மகன் கார்மேலோ முற்றத்துக்கு வந்தார்.

"உன் மனைவி கைபிறேக்கை இறக்காமலே ஓட்டுகிறாளா? அப்படியானால் திங்கள் முதல் வேறு ஆள் பார்க்கிறேன்."

அவர் இத்தாலியனில் சொன்னதில் அவனுக்குக் கால்வாசிகூட விளங்கவில்லை. விளங்காத இடத்திலெல்லாம் அவனுக்குக் கைகொடுப்பது ஒரே சொல்தான். "சீ, சீ, சிஞ்ஞோரே" என்றான். நம்முடைய 'சீ' அல்ல. அங்கே அதற்கு 'ஓம்' என்று பொருள்.

குசினி ஜன்னலில் நின்ற கத்தரீனாவுக்கு எல்லாம் கேட்டது.

"ஒவ்வொரு நாளும் இறக்கிப்போட்டுத்தான் எடுக்கிறன். நீங்கள் ஓம் எண்டு சொல்லிப்போட்டியள்."

"எனக்கு விளங்கேல்லையப்பா."

"விளங்காட்டி விளங்கேல்லை எண்டு சொல்லலாம்தானே."

அதற்குப் பிறகுதான் சாவி ஆணிக்குப் போனது.

சனிக்கிழமை விடிந்ததும் சூசைதாசன் காரிடம் போனான். முன்சில்லுகளுக்குக் கல் வைத்தான். கைபிறேக்கை அடிவரை இறக்கினான். ஜக் வைத்துத் தூக்கிப் பின்சில்லுகளைக் கையால் சுற்றிப் பார்த்தான். வலது சில்லு சுற்றியது. இடது சில்லு அசையவில்லை. அவள் சொன்னது உண்மை. கைபிறேக் இறங்கியிருக்கிறது, சில்லுக்குத்தான் அது தெரியவில்லை.

அடியில் படுத்துப் பார்த்தான். பிறேக் கம்பி தன் உறைக்குள் நுழையும் இடத்தில் ஐஸ் கட்டியிருந்தது. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தான். விரல் மரத்துப்போன பிறகு கம்பி 'டக்' என்று பின்வாங்கியது. இடது சில்லும் சுற்றியது.

மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தண்ணீர் எங்கிருந்து வந்தது? மதிலில் சுருட்டி வைத்த றப்பர் குழாயைக் கண்டதும் அவனுக்கு விளங்கியது. கடலால் வந்த வள்ளத்தை உப்புப் போகக் கழுவாமல் விடக்கூடாது. அந்தப் பழக்கத்தில் தினமும் பின்னேரம் காரின் அடிவயிறுவரை தண்ணீர் பீச்சிக் கழுவியது அவன்தான். அந்த மலைப்பாதையில் உப்புக்கு எங்கே போவது? அதோடு விட்டானா? ஒற்றை முடிச்சை நம்பாத கடற்காரன், அவள் போட்ட கைபிறேக்கை இன்னும் இரண்டு பல் இழுத்தும் வைத்தான். ஈரக் கம்பி இழுத்தபடியே விடியப்புறம் உறைந்தது, வெயில் ஏறத்தான் இளகியது.

கிறீஸ் கையோடு நேரே சாப்பாட்டறைக்குப் போனான். தாயும் மகனும் மேசையில் இருந்தார்கள். கத்தரீனா கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். குழாயைக் காட்டினான், கையைக் காட்டினான். அதற்குமேல் சொல் இல்லை. 'பிழை என்னுடையது' என்பதற்கு இத்தாலியனில் என்ன? அப்போதுதான் ஞாயிறு பூசை ஞாபகம் வந்தது. நெஞ்சில் மூன்று தரம் அடித்தான்.

"மியா கோல்பா, மியா கோல்பா, மியா கிராந்திஸ்ஸிமா கோல்பா."

என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே. வெள்ளைச் சட்டையில் மூன்று கறுப்புக் கை. சிஞ்ஞோரா கோப்பையை வைத்துவிட்டுச் சிலுவை போட்டார். செத்தது யாரென்று கார்மேலோ கேட்டார்.

கத்தரீனா தமிழில் அவனிடம் நடந்ததைக் கேட்டாள். பிறகு ஓடிப்போய்க் காரடியைப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீரையும் கம்பியையும் ஐஸையும் அவர்களுக்கு விளக்கினாள்.

"அப்படியானால் பிழை இவளுடையது இல்லையா?" என்றார் கார்மேலோ.

"நோ" என்றான் சூசைதாசன். அந்த வீட்டில் அவன் சொன்ன முதல் நோ அது. "மியா மோல்யே பிராவிஸ்ஸிமா." என் மனைவி மகா கெட்டிக்காரி.

திங்கட்கிழமை ஆணியில் சாவி இல்லை. கழுவாத கார், கைபிறேக் போடாமல் முதலாம் கியரில், பின்சில்லுக்குக் கல் வைத்தபடி நின்றது. அவன் கல்லை எடுத்தான். கார் முனகாமல் உருண்டு படலையில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"அண்டைக்குச் சொன்னதைத் தமிழிலையும் ஒருக்காச் சொல்லுங்கோவன்."

அவன் கல்லைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "நீர் கெட்டிக்காரியப்பா. முந்தியே சொல்லியிருக்க வேணும்" என்றான்.

என்ன சொல்கிறான் என்று பின்சீட்டிலிருந்து சிஞ்ஞோரா கேட்டார்.

"பாவசங்கீர்த்தனம் செய்யிறார்" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டுக் கத்தரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தாள்.