ஷுக்ரியின் புல்வெளி

கெய்ரோவின் நெரிசலான ஷுப்ரா பேட்டையின் இரைச்சல் ஆகாதென்று நகருக்கு வெளியே தோட்டத்தோடு வீடு வாங்கினார் ஷுக்ரி. குடிவந்த நாளிலிருந்தே அவர் மனைவி சனிய்யாவுக்கு அங்கே ஏதோ நாறியது. "உர வாசனைடி" என்று அவர் சமாளித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவள் தங்கை நபவிய்யா விருந்துக்கு வந்தாள். புல்வெளியில் மேசை போட்டு, திராட்சை இலையில் சோறு பொதிந்த தட்டை வைத்ததும், புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் தாமாகத் திறந்து எல்லார்மேலும் பீய்ச்சின. அதே நாற்றம்.

"ஐயையோ, இது சாக்கடைத் தண்ணியாச்சே அக்கா!" என்று நபவிய்யா அலறினாள்.

"சுத்தம் பண்ணித்தான் விடறாங்க. புல்லு எப்படிப் பச்சைப்பசேல்னு நிக்குது பாரு!" என்ற ஷுக்ரி, நனைந்த இலைச்சுருள் ஒன்றைச் சட்டையில் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "நீயும் சாப்பிடு, ஒண்ணும் ஆகாது" என்று மனைவியிடம் ஒன்றை நீட்டினார்.

சனிய்யா தட்டைத் தள்ளிவைத்தாள். தண்ணீரைக்கூடப் பொறுத்திருப்பாள். அந்த வாய் மெல்லுவதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

அன்று மாலையே தங்கையின் காரில் ஷுப்ராவுக்குத் திரும்பினாள். தெருமுனைக் குப்பையை எலிகள் கிளறிக்கொண்டிருந்தன.

"இங்கேயும் நாத்தம்தானேக்கா?"

"நாத்தம்தான். ஆனா அதைத் தின்னுன்னு இங்க எவனும் சொல்லமாட்டான்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு தங்கை வீட்டுப் படியேறினாள்.